ஊர் கொடுப்பதும் நீதிமன்றம் வாங்குவதும்

சமரசப் பேச்சு நடக்க முதலில் வேண்டியது கதவு உள்ள ஓர் அறை. மேசை, நாற்காலி, மின்விசிறி எல்லாம் அதற்குப் பிறகுதான். கதவைச் சாத்தினால் வெளியே கேட்காது என்ற நம்பிக்கை வந்தால்தான் ஒரு பெண் தன் கணவனைப் பற்றியும், ஓர் அண்ணன் தன் தம்பி வாங்கிய கடனைப் பற்றியும் வாய் திறப்பார்கள். நீதிமன்றத்தின் மற்ற வேலைகள் எல்லோர் காதிலும் விழும்படி திறந்த கோர்ட்டில் நடக்க வேண்டியவை. சமரசம் ஒன்றுதான் கதவுக்குப் பின்னால் நடக்க வேண்டியது. பேச்சு முறிந்துபோனால் 'சமரசம் ஏற்படவில்லை' என்று ஒரு வரி எழுதி அனுப்புவதோடு சமரசரின் பொறுப்பு முடிந்தது. உள்ளே யார் என்ன சொன்னார்கள் என்பது வழக்கை விசாரிக்கும் நீதிபதிக்கும் தெரியக் கூடாது. 2010-இல் மோதி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது.

நான் சேலம் மாவட்டத்தில் தொழில் செய்யும் வழக்கறிஞர். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பட்டியலில் இருக்கிறேன், சமரசராகவும் உட்காருகிறேன். எங்கள் சேலம் வழக்கறிஞர் சங்கம்தான் உரிமையியல் நடைமுறைச் சட்டத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. அந்த வழக்கில் 2002-இலும் 2005-இலும் வந்த தீர்ப்புகளில்தான் 89-ஆவது பிரிவின்படி சமரசத்தை எப்படி நடத்துவது என்ற மாதிரி விதிகள் வரை எல்லாம் உருவாயின. அதே 2005-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில், மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு முன்னின்று அமைத்த சமரச மையம் தொடங்கியது. நீதிமன்றத்தோடு இணைந்த மையங்களில் நாட்டிலேயே அதுதான் முதலாவது. ஆகவே இந்த வேலை எங்கள் மண்ணுக்கு இரவல் சரக்கு இல்லை என்ற பெருமை எனக்கு எப்போதும் உண்டு.

மாவட்டத் தலைநகரங்களுக்கு ஓரளவு வசதி வந்துவிட்டது. 13-ஆவது நிதிக்குழு 2010 முதல் 2015 வரைக்கும் நீதித்துறைக்கென்று 5,000 கோடி ரூபாய் ஒதுக்கி, அதில் 750 கோடியை மாற்றுமுறைத் தீர்வு மையங்களுக்கும் சமரசர் பயிற்சிக்கும் வைத்தது. தாலுகாவுக்கு வந்தால் நிலைமை வேறு. முன்சீப் கோர்ட்டும் மாஜிஸ்திரேட் கோர்ட்டும் ஒரே பழைய கட்டடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும் ஊர்களில் சமரசத்துக்கு இடம் தேடுவதே பெரும்பாடு. வழக்கறிஞர் சங்க நூலகம் கிடைத்தால் பாக்கியம். ஒரு ஊரில் பதிவறையின் மூலையில் பீரோக்களைத் தடுப்பாக வைத்து நடத்தியிருக்கிறேன். பழைய கட்டு தேடி குமாஸ்தா உள்ளே வரும்போதெல்லாம் பேச்சு நின்றுவிடும். அவர் போன பிறகு விட்ட இடத்திலிருந்து யாரும் தொடர மாட்டார்கள். முதலில் இருந்துதான் தொடங்குவார்கள், அதுவும் முன்பைவிடச் சுருக்கமாக.

இதையெல்லாம் பார்க்கிற ஊர்க்காரர்கள் சும்மா இருப்பதில்லை. எங்கள் பக்கத்து மனிதர்கள் கொடுக்கத் தயங்காதவர்கள். பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறை, ஆஸ்பத்திரிக்குக் கட்டில், கோயிலுக்கு உபயம் என்று எழுதிய டியூப் லைட் என்று கொடுத்துப் பழகிய கை. கோர்ட்டு வாசலில் கைக்குழந்தையோடு வெயிலில் நிற்கும் பெண்களைப் பார்த்துவிட்டு, "மேடம், நாங்க ஒரு கொட்டகை போட்டுத் தர்றோமுங்க" என்று வந்து கேட்பார்கள். அந்த மனசை நான் மதிக்கிறேன். ஆனால் கோயிலுக்குக் கொடுப்பது போல நீதிமன்றத்துக்குக் கொடுக்க முடியாது. கேட்டவரின் முகம் வாடாமல் அதை எடுத்துச் சொல்வது இந்த வேலையின் கடினமான பகுதிகளில் ஒன்று.

கொடுக்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1995 நவம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்தது. அது தேசிய அளவில் ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று என்று சட்ட உதவி நிதிகளை ஏற்படுத்தியிருக்கிறது. மாவட்ட நிதியைப் பற்றிப் பேசும் 17-ஆவது பிரிவு, எந்த ஒரு நபரும் நன்கொடை தரலாம் என்கிறது. கூடவே மாநில ஆணைக்குழுவின் முன் அனுமதியோடு என்ற நிபந்தனையையும் வைக்கிறது. வட்டக் குழுவுக்கென்று அந்தச் சட்டத்தில் தனி நிதியே இல்லை. ஒரு தாலுகாவில் பத்து நாற்காலி கொடுக்க விரும்புகிறவரின் கடிதம் மாவட்ட ஆணைக்குழுவுக்குப் போய், அங்கிருந்து சென்னைக்குப் போய்த் திரும்ப வேண்டும். அதற்குள் அவருக்குச் சலித்துவிடும். "நாற்காலிக்கு எதுக்குங்க சென்னை?" என்று கேட்பார்கள்.

அந்தச் சுற்றுவழி தேவை என்றே நான் நினைக்கிறேன். மாவட்ட ஆணைக்குழுவின் தலைவர் மாவட்ட நீதிபதி. வட்டக் குழுவின் தலைவர் அந்தத் தாலுகாவின் மூத்த நீதித்துறை அலுவலர். நாற்காலியை வாங்கிக்கொள்கிற கையும் நாளைக்குத் தீர்ப்பில் கையெழுத்திடப் போகிற கையும் ஒன்று. சிறிய ஊரில் கொடுக்க வசதியுள்ளவர் யார்? லாரி வைத்திருப்பவர், பஸ் முதலாளி, ஃபைனான்ஸ் நடத்துபவர், மனைப்பிரிவு போடுபவர். விபத்து இழப்பீட்டு வழக்கில் எதிர்மனுதாரர் யார், செக் திரும்பிய வழக்குகளைக் கட்டுக்கட்டாகப் போடுபவர் யார், தடுப்பாணை கேட்டு வருபவர் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் அதே பெயர்கள். அவர் நல்லெண்ணத்தோடுதான் கொடுத்திருப்பார். ஆனால் அவருக்கு எதிராக வழக்காட வந்த ஒரு கூலித் தொழிலாளி, அவர் பெயர் பொறித்த பெஞ்சில் உட்கார்ந்து தன் முறைக்காகக் காத்திருக்க நேர்ந்தால், உள்ளே போவதற்கு முன்பே அவருக்குப் பாதி நம்பிக்கை போய்விடும். பிறகு நாங்கள் எவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டாலும் அதை அவர் நம்ப வேண்டிய கட்டாயம் ஏதும் இல்லை.

இப்படித்தான் ஒருமுறை, நிறைய செக் வழக்குகள் வைத்திருந்த ஒருவர் மக்கள் நீதிமன்றம் நடக்கும் நாளில் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு போடுவதாகச் சொன்னார். கொடுக்கிற குணம் உள்ளவர்தான். அன்றைக்கு அவருடைய வழக்குகளும் பட்டியலில் இருந்தன. நான் அவரிடம், "அண்ணா, உங்ககிட்ட கடன் வாங்கினவங்க உங்க சோத்தைத் தின்னுட்டு உங்களோட பேரம் பேச உட்காருவாங்க. அவங்களால ஒரு தொகையை முடியாதுன்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "அப்படி நான் நினைக்கலீங்க" என்றார். அந்தச் சாப்பாடு பக்கத்து ஊர் அரசுப் பள்ளி விடுதிக்குப் போனது.

பணத்தில் ஊரின் பங்கு அளவோடு இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இலவச சட்ட உதவி தர்மம் கிடையாது. 42-ஆவது திருத்தம் 1976-இல் அரசமைப்புச் சட்டத்தில் சேர்த்த 39-ஏ பிரிவு அதை அரசின் கடமையாக வைத்திருக்கிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமான வரம்பே கிடையாது. கேட்டால் வக்கீல் வைத்துத் தர வேண்டும். அந்த வக்கீலுக்கான கட்டணத்தை ஊர் நன்கொடையில் கொடுக்கத் தொடங்கினால், அரசு மெல்லக் கையைக் கழுவிவிடும். அதைவிட மோசம், நன்கொடையாளருக்குப் பிடிக்காத வழக்குகள் பின்னுக்குப் போகும். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணுக்கு வக்கீல் வைக்க எங்கள் ஊரில் யார் உண்டியல் குலுக்குவார்கள்? வக்கீலின் கட்டணம், சமரசரின் மதிப்பூதியம், சட்டத் தன்னார்வலர்களின் தினப்படி ஆகியவை அரசின் கஜானாவில் இருந்துதான் வர வேண்டும், காலத்தோடு வர வேண்டும். தேசிய ஆணைக்குழு 2009-இல் கொண்டுவந்த திட்டத்தில் சேர்ந்த சட்டத் தன்னார்வலர்கள்தான், அங்கன்வாடி ஊழியராகவோ ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ இருந்துகொண்டு, ஊருக்குள் போய் முதியோர் உதவித்தொகை மனுவிலிருந்து ஜீவனாம்ச மனு வரை எழுதித் தருகிறார்கள். தினப்படி தாமதமானால் அவர்கள் கையிலிருந்து பஸ்ஸுக்குக் கொடுக்கிறார்கள். இந்தத் தாமதத்தை நன்கொடையால் நிரப்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. சட்டமன்ற உறுப்பினரிடம் போய்க் கேட்க வேண்டிய கேள்வி அது. ஊர் ஆதரவு என்பதில் அப்படிக் கேட்பதும் அடக்கம்.

அப்படியானால் ஊர் எதைக் கொடுக்கலாம்? என் அனுபவத்தில், கைத்தொழில் தெரிந்தவர்களின் நேரத்தை.

ஒரு பாகப்பிரிவினை வழக்கு. ஆட்களை அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். அண்ணனும் தங்கையும். அப்பா இருக்கும்போதே பிரித்துக் கொடுத்த நிலத்தில் நடுவரப்பு அண்ணன் பக்கமிருந்து தன் பக்கம் நகர்ந்துவிட்டது என்பது தங்கையின் புகார். வழக்கு தொடங்கி ஆண்டுகள் ஆகிவிட்டன. இரண்டு அமர்வுகள் பேசியும் ஒரே இடத்தில் நின்றது. அண்ணன் வரப்பை அப்பா போட்டது என்பார், தங்கை இல்லை என்பார், அதோடு அம்மாவின் சாவுச் செலவு, தங்கை கல்யாணத்துச் சீர் என்று பழையது எல்லாம் கிளம்பும்.

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் இருக்கிறார். அந்தப் பகுதியில் அவருக்கு நிலமும் கிடையாது, இரு தரப்புக்கும் உறவும் கிடையாது. இருவரின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடு, அவர்களின் வக்கீல்களிடமும் சொல்லிவிட்டு, புலப்படத்தை வாசித்துக் காட்டுவதற்கு மட்டும் அவரை மூன்றாவது அமர்வுக்கு வரச் சொன்னேன். யாருக்கு எவ்வளவு என்று அவர் வாயே திறக்கக் கூடாது என்பது நிபந்தனை.

அவர் வந்ததும் செய்த முதல் காரியம், எதிரெதிராக உட்கார்ந்திருந்த இருவரையும் எழுப்பியதுதான். "ரெண்டு பேரும் இந்தப் பக்கம் வந்து நில்லுங்க. படத்தைத் தலைகீழாப் பார்த்தா வடக்கு தெற்கு ஆயிடும்" என்றார். இவ்வளவு நாள் முகம் பார்க்காதவர்கள் மேசையின் ஒரே பக்கத்தில் தோளோடு தோள் நின்றார்கள். புலப்படத்தில் எண்கள் எல்லாம் லிங்க்ஸ் கணக்கில் இருந்தன. "நூறு லிங்க்ஸ் ஒரு சங்கிலி. சங்கிலி அறுபத்தாறு அடி. அப்ப ஒரு லிங்க்ஸ் எட்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் கம்மிங்க. ஆயிரம் சதுர லிங்க்ஸ் ஒரு சென்ட்" என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். தங்கை, கூட வந்த மகனிடம் கால்குலேட்டரை வாங்கி அவரே போட்டுப் பார்த்தார். உட்பிரிவுக் கோட்டின் ஒரு முனைக்கும் இன்றைய வரப்புக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் 9 லிங்க்ஸ். ஆறடிக்கும் ஒரு விரற்கடை குறைவு. அதுவும் கிழக்கு முனையில் மட்டும்; மேற்கு முனையில் வரப்பு கோட்டின் மேலேயே இருந்தது.

"மேக்கால சரியா இருக்குதுங்களா?" என்று அண்ணன் இரண்டு முறை கேட்டார். கிழக்கே வாய்க்கால் கரை ஒரு வெள்ளத்தில் உடைந்து மறுபடி கட்டியது அவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. வரப்பை யாரும் களவாடவில்லை, கரை கட்டியவர்கள் நேராகக் கட்டவில்லை. தங்கை அதற்குப் பிறகு சீர்க் கதையை எடுக்கவில்லை. "அந்த மூலையில அண்ணன் வெச்ச தென்னை ரெண்டு இருக்குது. அதை வெட்ட வேண்டாம்" என்றார். கோடு எங்கே போக வேண்டும், தென்னையின் காய் யாருக்கு என்று அன்றே எழுதிக் கையெழுத்தானது.

வழக்கில் கட்டியிருந்த நீதிமன்றக் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைத்தது. இது பலருக்குத் தெரியாத விஷயம். தமிழ்நாட்டில் 2017 திருத்தத்துக்குப் பிறகு கட்டணம் வழக்கின் மதிப்பில் நூற்றுக்கு 3. அதற்கு முன் ஏழரை. ஐந்து லட்ச ரூபாய் வழக்கென்றால் 15,000 ரூபாய் முதலிலேயே கட்டியிருப்பார்கள். சமரசத்தில் முடிந்தால் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவின்படி அது திரும்ப வரும். நீதிமன்றம் அனுப்பிவைக்காமல் தாங்களாகவே வெளியே பேசி முடித்தவர்களுக்கும் இது பொருந்தும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. எங்கள் வட்டத்தில் இதை விளக்கும் ஒரு பக்கத் துண்டறிக்கையை அச்சடித்துத் தர ஓர் அச்சக உரிமையாளர் முன்வந்தார். அவருக்கு வழக்கு ஏதும் இல்லை, துண்டறிக்கையில் அச்சகத்தின் பெயரும் இல்லை. மாவட்ட ஆணைக்குழு வழியாகவே வந்தது.

ஊரின் நேரம் வேறு வழிகளிலும் உள்ளே வருகிறது. மக்கள் நீதிமன்ற அமர்வில் நீதிபதியோடு ஒரு வழக்கறிஞரும் ஒரு சமூகப் பணியாளரும் உட்காருவது வழக்கம். அங்கே எழுதப்படும் உத்தரவுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணையின் வலிமை உண்டு. அதன் மேல் அப்பீல் கிடையாது. அப்பீல் இல்லை என்பதாலேயே, கைநாட்டு வைப்பதற்கு முன் கட்சிக்காரருக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் எங்களோடு உறுப்பினராக உட்காருவார். விபத்தில் கணவனை இழந்த பெண்ணிடம் தொகையைச் சொல்லிவிட்டு நிறுத்திவிட மாட்டார். "இதுல உன் பங்கு எவ்வளவு, புள்ளைங்க பேர்ல பேங்க்ல போடறது எவ்வளவு, எப்ப எடுக்க முடியும், எல்லாத்தையும் இப்ப நீ எனக்குச் சொல்லு கண்ணு" என்பார். அந்தப் பெண் தன் வாயால் சொல்லி முடிக்கும் வரை காகிதம் நகராது. பட்டியலை வேகமாக முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி எங்கள் எல்லோருக்கும் உண்டு. அவர் ஒருவர் அதற்கு வளைந்து கொடுப்பதில்லை. அவருக்கு எந்த நிதிக்குழுவும் ஈடு கட்ட முடியாது.

சில நேரம் நீதிமன்றத்துக்குச் சம்பந்தமே இல்லாத கணக்கில் செலவாகும் பணம் எங்களுக்குப் பெரிய துணையாக வரும். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானது. ஜீவனாம்சத்துக்கு வழக்குப் போட்ட பெண்கள் வாய்தாவுக்கு வராமல் போவதற்குப் பஸ் காசு இல்லாதது ஒரு காரணமாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு அந்தக் காரணத்தைச் சொல்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.

ஊர் உள்ளே வரட்டும் என்று சொல்லும்போதே ஒரு பயமும் எனக்கு உண்டு. எங்கள் ஊர்களில் 'பேசி முடிப்பது' என்பதற்கு இன்னொரு முகம் இருக்கிறது. ஆறுமுகம் சேர்வை வழக்கில் 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கட்டப்பஞ்சாயத்து சட்டவிரோதமானது என்று சொல்லி, அதை ஒடுக்கும்படி உத்தரவிட்டது. 2023-ஆம் ஆண்டின் சமரசச் சட்டம் ஊர் அமைதியைக் கெடுக்கக்கூடிய தகராறுகளுக்குச் சமூக சமரசம் என்று ஒரு வழியை எழுதியிருக்கிறது. மூன்று சமரசர்கள் உட்காருவார்கள், இரு தரப்பும் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும், அங்கே எழுதும் உடன்பாட்டுக்குத் தீர்ப்பாணையின் வலிமை கிடையாது. வலிமை இல்லாத உடன்பாட்டால் என்ன பயன் என்று என் சக வழக்கறிஞர்கள் கேட்கிறார்கள். எனக்கு அந்தப் பலவீனம் சரியாகவே படுகிறது. ஊர்ப் பெரிய மனிதர் மூன்று பேர் எழுதியதை அமீனாவை வைத்து நிறைவேற்றலாம் என்று இருந்திருந்தால், அந்த மூன்று நாற்காலிகளில் யார் உட்காருவார்கள் என்று எங்கள் பக்கத்தில் பிறந்த யாரும் சொல்லிவிடுவார்கள். அந்த மூவரில் ஒரு பெண்ணும், சேரியிலிருந்து ஒருவரும் உட்காராத வரை நான் என் கட்சிக்காரரை அங்கே அனுப்ப மாட்டேன்.

கொடுக்க விரும்புகிறவர்களுக்கு நான் இப்போது சொல்வது இதுதான். தாலுகா கோர்ட்டில் பொருளை இறக்கிவிட்டுப் போகாதீர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குக் கடிதம் எழுதுங்கள். உங்களுக்கோ உங்கள் நிறுவனத்துக்கோ அந்த மாவட்டத்தில் என்னென்ன வழக்குகள் இருக்கின்றன என்பதையும் அதே கடிதத்தில் நீங்களாகவே எழுதுங்கள். பெயர்ப் பலகை கேட்காதீர்கள். பணம் இல்லையென்றால், உங்களுக்குத் தெரிந்த வேலையைச் சொல்லுங்கள். சைகை மொழி தெரிந்தவர், பேங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், கன்னடமோ தெலுங்கோ எழுதப் படிக்கத் தெரிந்தவர், மக்கள் நீதிமன்றச் சனிக்கிழமைகளில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளக் கூடிய பால்வாடி ஆயா, இவர்களெல்லாம் எங்களுக்குத் தேவை. சட்ட உதவி தேவைப்படுகிற ஒருவரைத் தெரிந்தால் 15100 என்ற எண்ணைக் கொடுங்கள். அழைப்புக்குக் காசு இல்லை.

எங்கள் சர்வேயருக்கு இப்போது கண்பார்வை முன்போல இல்லை. சிவில் டிப்ளமோ படித்த இரண்டு இளைஞர்களுக்குப் பழைய புலப்படத்தை வாசிக்கக் கற்றுக்கொடுத்து வருகிறார். அவர்களில் ஒருவரைச் சட்டத் தன்னார்வலராகச் சேர்க்கச் சொல்லி மாவட்டத்துக்கு எழுதியிருக்கிறோம். இன்னொருவரின் சித்தப்பாவுக்கு எங்கள் கோர்ட்டில் ஒரு நில வழக்கு இருக்கிறது. அது முடியும் வரை அவர் பக்கத்துத் தாலுகாவுக்கு உதவட்டும் என்று பேசியிருக்கிறோம்.